எங்க வீட்டு ஜெர்மன்காரிக்காக ஓடினவங்க எல்லாருக்கும் ஒரு நன்றி, அப்புறம் ஒரு தூக்குவாளி சமாச்சாரம்

எல்லாருக்கும் வணக்கம். இது நன்றி மடல் தான், ஆனா ஒருத்தங்கள தேடுறதுக்காகவும் எழுதுறேன், அதனால மானாமதுரை பக்கம் சொந்தபந்தம் இருக்கிறவங்க தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிச்சிருங்க.

2008 ஆகஸ்ட்ல ரோட்டரி யூத் எக்ஸ்சேஞ்ச்ல (ஒரு நாட்டுப் புள்ளைங்க இன்னொரு நாட்டு வீடுகள்ல தங்கிப் படிக்கிற திட்டம்) ஜெர்மனில இருந்து ஒரு பொண்ணு மதுரைக்கு எங்க வீட்டுக்கு வந்தா. அவ ஊரு மூன்ஸ்டர். நான் அப்ப ப்ளஸ் ஒன், அவளுக்கும் என் வயசுதான். ஒரு வருஷம் இருந்துட்டு போகப்போறவ தானேன்னு தான் எல்லாரும் இருந்தோம், இன்னிக்கு அவ மகளுக்கு நான் பெரியம்மா, எங்கம்மா அம்மாச்சி. பேர போடாதன்னு அவளே சொல்லிட்டா, அதனால தெருவுல கூப்பிட்ட மாதிரி ஜெர்மன்காரின்னே எழுதுறேன்.

எப்படி இத்தன வருஷமா டச்லயே இருக்கீங்கன்னு ஆளாளுக்கு கேக்குறாங்க. நாங்க ஒண்ணும் பெருசா பண்ணலங்க, சண்ட போட்டு மாசக்கணக்குல பேசாம கெடந்ததும் உண்டு, சுத்தி இருந்தவங்க தான் விடல. இவ கோவிச்சுக்கிட்டா அவங்கம்மா போன் பண்ணுவாங்க, நான் முறுக்கிக்கிட்டா எங்கப்பா என் போன வாங்கி அவளுக்கு குட் மார்னிங் பூ படம் அனுப்பிருவாரு. அந்த சுத்தி இருந்தவங்களுக்கு தான் இந்த மடல்.

மொதல்ல கமிஷனர் ஆபீஸ்ல இருந்த அந்த சார். 180 நாளுக்கு மேல விசா இருந்தா வந்த 14 நாளுக்குள்ள வெளிநாட்டுக்காரங்க பதிவு பண்ணனும்னு ரூல், எங்களுக்கு அது தெரியும் ஆனா என்னென்ன பேப்பர் வேணும்னு தெரியாது, ஸ்கூல்ல ஒரு லெட்டர், வீட்டு ஓனர்னு அப்பாகிட்ட ஒரு லெட்டர், போட்டோ வேற அளவுன்னு அலைஞ்சு திரிஞ்சு கடைசி நாள் சாயங்காலம் போய் நின்னோம். அவரு கெளம்ப வேண்டிய நேரம், பைய தோள்ல மாட்டிட்டாரு, திரும்ப உக்காந்து தன் பேனாலயே விண்ணப்பத்த எழுதிக்குடுத்து, "புள்ளைய நம்பி அனுப்பிருக்காங்க, நல்லா பாத்துக்கங்கய்யா"ன்னு அப்பாகிட்ட சொன்னாரு. சார், பாத்துக்கிட்டோம் சார்.

அடுத்து ரோட்டரி அங்கிள்ஸ். மாசாமாசம் அவளுக்கு பாக்கெட் மணி குடுத்ததுக்கும், கோட்டு நெறைய குத்த பின்னு சேத்துக் குடுத்ததுக்கும் (அந்த நீலக் கோட்ட மே மாச மதுரைல போட்டுட்டு மீட்டிங்குக்கு போவா, பாவம்), நாலு ‘டி’ ரூல ஒவ்வொரு மீட்டிங்லயும் ஒப்பிச்சதுக்கும். டிரிங்கிங், டிரைவிங், டேட்டிங், டிரக்ஸ் நாலும் கூடாது. மத்த மூணு சரி, கோரிப்பாளையம் சிக்னல ஒரு தடவ பாத்தவகிட்ட டிரைவிங் வேணாம்னு தனியா சொல்லணுமா அங்கிள். அவங்க திட்டப்படி ஒரே வீட்டுல வருஷம் பூரா வைக்க மாட்டாங்க, வீடு மாத்துவாங்க, அப்படி அவள வச்சுக்கிட்ட அண்ணாநகர் வீட்டுக்கும் எஸ்.எஸ்.காலனி வீட்டுக்கும் நன்றி. எங்க வீட்ல சாம்பார விட அங்க நல்லா இருக்கும்னு இன்னும் சொல்றா, எங்கம்மா இருக்கும்போதே சொல்றா.

புதுமண்டபத்துல பாவாட தாவணி தெச்ச டெய்லர் அண்ணே உங்களுக்கும். ஆறடிக்கு கொஞ்சம் கம்மி அவ, நாங்க வாங்கிட்டுப் போன துணி முழங்காலுக்கு கீழ ஒரு சாண்ல நின்னுச்சு. நீங்க வேற கலர் துண்ட அடியில வச்சு அதுமேல ஜரிகைய ஓட்டி, பாக்குறவங்க எல்லாம் இது என்ன புது மாடல்னு கேக்குற மாதிரி பண்ணிட்டீங்க. 2025ல வந்தப்ப, கடைங்கள குன்னத்தூர் சத்திரத்துக்கு ஏற்கனவே மாத்துனது தெரியாம மண்டபத்துக்குள்ள போய் முழிச்சுட்டு தேடி வந்தோம், சித்திர திருவிழா நேரம், அழகர் வேஷத் துணி மலையா குமிஞ்சு கெடக்கு, அதுக்கு நடுவுலயும் நிமிர்ந்து பாத்து "அந்த ஒட்டுப் பாவாட பொண்ணு தானம்மா"ன்னு கேட்டீங்க பாருங்க, அவ அங்கயே அழுதுட்டா. பாப்பாவுக்கு பட்டுப்பாவாட ராத்திரி எட்டு மணிக்குள்ள ரெடி. காசும் கம்மியா வாங்கிட்டீங்க, அது தப்பு, அடுத்த வாட்டி நடக்காது.

பிரவுசிங் சென்டர் அண்ணே, உங்கள எப்படி மறக்குறது. 2008 கடைசில பவர்கட் எந்த நேரம் வரும் எந்த நேரம் போகும்னு தெரியாது, யூபிஎஸ்ல ஒரு சிஸ்டம் தான் தாங்கும், அந்த ஒண்ண எப்பவும் அவளுக்கு விட்டுருவீங்க, கேம் வெளயாட வந்த பசங்க மொறச்சாலும் "அது அம்மாகிட்ட பேசுதுடா"ன்னு அடக்கிருவீங்க. அவ ஊருக்கு போன பொறகு அதே சிஸ்டத்துல நான். ஜெர்மனி பசங்க எல்லாம் அப்ப ஷூலர்விஇசட்னு ஒரு சோஷியல் சைட்டுல இருந்தாங்க, இவ மட்டும் எங்களுக்காக ஆர்குட்ல அக்கவுண்ட் வச்சிருந்தா. அந்த ஆர்குட்ட 2014ல மூடிட்டாங்க, அப்புறம் ஸ்கைப்புன்னு கெடந்தோம், அதையும் 2025 மே 5ந் தேதி மூடிட்டாங்க, அவ இங்க வந்து எறங்குற அதே சமயம். கம்பெனிங்க எல்லாம் கடைய சாத்துதுங்க, நாங்க மட்டும் கோடைல மூணரை மணி நேரம் குளிர்ல நாலரை மணி நேரம்னு கணக்கு போட்டுக்கிட்டு பேசிட்டே இருக்கோம்.

2016ல ஆபீஸ் ட்ரெயினிங்னு நான் அந்தப் பக்கம் போனப்ப லீவு கெடச்சா மூன்ஸ்டர் தான். அவங்கம்மாவுக்கு தமிழ் தெரியாது, ஆனா சோத்துக்கு எவ்வளவு காஞ்சு போய் வருவேன்னு தெரியும், நான் போற அன்னிக்கு குக்கர்ல சோறு வச்சிருவாங்க. ஊரே சைக்கிள்ல தான் போகுது. பழைய கோட்டைச் சுவர இடிச்சு அந்த எடத்துல ஊரச் சுத்தி நாலரை கிலோமீட்டருக்கு மரம் வச்சு பாதை போட்டு வச்சிருக்காங்க, அதுல தான் எனக்கு சைக்கிள் திருப்பி கத்துக்குடுத்தாங்க. மொத ரவுண்டுலயே எனக்கு சிரிப்பு வந்துருச்சு, நம்ம ஊர்லயும் அதான கத, பிளாக்பர்ன் கலெக்டர் கோட்டைய இடிச்சு அகழிய மூடி தான வெளி வீதி வந்துச்சு, அவருக்கு தான் விளக்குத்தூண் நிக்குது. என்ன, அங்க மரம் வச்சாங்க, நாம மினிபஸ் விட்டோம்.

அங்க இருந்து ரயில்ல அரை மணி நேரத்துல ஹம்னு ஒரு ஊரு. ஈழத்து ஆளுங்க கட்டுன காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு, 2002ல கும்பாபிஷேகம் பண்ணது, தொழிற்பேட்டைக்கு நடுவுல அப்படியே நம்ம ஊரு கோபுரம். எனக்கு வீட்டு நெனப்பு வந்து மூஞ்சிய தொங்கப்போட்டதும் அவங்கம்மா தான் ஒண்ணும் கேக்காம டிக்கெட் எடுத்தாங்க. அங்க "பிள்ளை, சாப்பிட்டிட்டு போங்கோ"ன்னு கைய புடிச்சு உக்கார வச்ச அம்மாவுக்கும், ஜெர்மன்காரி அம்மாவோட எலைல ரெண்டாவது தடவ வடைய வச்சுட்டு ஓடின தம்பிக்கும் நன்றி.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன்.

2009ல அவ ஊருக்கு போறதுக்கு முன்னாடி அழகர் ஆத்துல எறங்குறத பாத்தா, அத மகளுக்கு காட்டணும்னு தான் 2025ல குடும்பத்தோட வந்தா. மே 11 எதிர்சேவை, அழகர ஊரே எதிர்கொண்டு வரவேற்கிற நாள். எங்க வீடு தல்லாகுளத்துல சந்துக்குள்ள. மத்தியானத்துல இருந்து பாப்பாவுக்கு வாந்தி, சாயங்காலம் வயித்தாலயும் சேந்துக்கிச்சு (ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்தது யாருன்னு வீட்ல பஞ்சாயத்து இன்னும் முடியல). டாக்டர் போன்ல சொன்னாரு, ஓஆர்எஸ் குடுங்க, நிக்கலன்னா தூக்கிட்டு வாங்கன்னு. எப்படி தூக்கிட்டு போறது, சந்து முனைல இருந்து கோரிப்பாளையம் வரைக்கும் தலையா தெரியுது, வண்டிய நகட்ட முடியாது. பக்கத்துல மெடிக்கல் எல்லாம் பூட்டு. தண்ணிப்பந்தல் பசங்க ரெண்டு பேரு நாங்க கேக்குறதுக்கு முன்னாடியே கூட்டத்துக்குள்ள பூந்து எங்கயோ போய் நாலு பாக்கெட்டு வாங்கிட்டு வந்தாங்க, சட்ட முழுக்க பீய்ச்சுன தண்ணி, பாக்கெட்டு மட்டும் நனையாம வாய்ல கவ்விட்டு.

எங்கம்மா டம்ளர்ல பாதி பாக்கெட்ட கொட்ட போனாங்க. அப்பத்தான் வாசப்படில குடும்பத்தோட ஒதுங்கியிருந்த ஒரு அக்கா உள்ள வந்து கைய புடிச்சாங்க. "ஒரு பாக்கெட்டு முழுசா ஒரு லிட்டருக்கும்மா, பாதி பாதியா போட்டா அளவு கெட்டுரும். கொதிக்க வச்சு ஆறுன தண்ணி இருக்கா?" நர்ஸாம். பாப்பா வயித்துல தோல லேசா கிள்ளி விட்டு எவ்வளவு சீக்கிரம் திரும்புதுன்னு பாத்தாங்க, நாக்க பாத்தாங்க, கடைசியா எப்ப ஒண்ணுக்கு போச்சுன்னு கேட்டாங்க. அப்புறம் மடில போட்டுக்கிட்டு ஒவ்வொரு ஸ்பூனா. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி, இன்னும் மெதுவா. ஜெர்மன்காரி "அக்கா, ஆஸ்பத்திரிக்கு நடந்தே தூக்கிட்டு போயிரவா"ன்னு கேட்டதும் "ஏத்தா, நீ தமிழா பேசுற"ன்னு அவங்களுக்கு கை ஆடி ஸ்பூன் கீழ விழுந்துருச்சு, அந்த ராத்திரில நாங்க சிரிச்ச ஒரே எடம் அதான். அவ புருஷன் போன்ல ஜெர்மன்ல என்னத்தையோ தேடிக்கிட்டே இருந்தாரு, அவர்கிட்ட இருந்து போன வாங்கி விசிறிய குடுத்தாங்க.

விடியப்போற நேரத்துல பாப்பா ஒண்ணுக்கு போச்சு. வீடே கை தட்டுனோம், வெளிய கோவிந்தா கோவிந்தான்னு சத்தம், அழகர் தங்கக்குதிரைல கெளம்பிட்டாரு. "இனி பயமில்ல, காலைல டாக்டர்கிட்ட காமிச்சிருங்க, நான் ஆத்துக்கு போறேன்"னு குடும்பத்த கூட்டிக்கிட்டு அந்தக்கா கூட்டத்தோட போயிட்டாங்க. மானாமதுரை பக்கம், கவர்மெண்ட் பி.எச்.சில (ஆரம்ப சுகாதார நிலையம்) வேலைன்னு பேச்சுவாக்குல சொன்னாங்க, அவ்வளவு தான் எங்களுக்கு தெரியும். டாக்டர் பாத்துட்டு, இப்படி ராத்திரி பூரா ஸ்பூன்ல குடுத்ததால தான் டிரிப்ஸ் தேவப்படலன்னு சொன்னாரு. பாப்பா இப்ப மூன்ஸ்டர்ல குதிச்சுட்டு இருக்கா.

அக்கா, உங்க புளிசோறு தூக்குவாளி எங்க வீட்லயே நின்னுருச்சு. மூடில பேரு வெட்டியிருக்கு, அத இங்க போட மாட்டேன், போட்டா ஆளாளுக்கு எங்களதும்பாங்க, நம்ம ஆளுங்கள எனக்கு தெரியும். என்ன எழுத்துன்னு சரியா சொல்லுங்க, நானே கொண்டு வந்து குடுக்குறேன். வெறும் தூக்கா குடுக்கக் கூடாதுன்னு ஜெர்மன்காரி அதுக்குள்ள சாக்லேட்டு ரொப்பி ஃபிரிட்ஜ்ல வச்சுட்டு போயிருக்கா, எங்கப்பாவுக்கு எடம் தெரிஞ்சுபோச்சு, அதனால கொஞ்சம் சீக்கிரம்.