சாம்பிளில் பருத்தி, மூட்டையில் பாலியஸ்டர்

அனுப்புநர்:
உரிமையாளர்,
கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட்,
கும்பகோணம்.

பெறுநர்:
உரிமையாளர்,
ஏப்ரன் தயாரிப்பு நிறுவனம்,
கரூர்.

நாள்: 8.5.2025

பொருள்: லோகோ அச்சிட்ட 150 ஏப்ரன்கள் ஒப்புக்கொண்ட சாம்பிளுக்கு மாறாக வந்திருப்பது, மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருவது.

ஐயா,

வணக்கம். உங்கள் விற்பனைப் பிரிவில் இருக்கும் தம்பியிடம் பத்து நாளில் ஆறு தடவை போனில் பேசிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "ஓனர்கிட்ட சொல்லிடறேன் மேடம்" என்கிறார். சொன்னாரோ இல்லையோ, தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கே நேராக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு முழுதும் படியுங்கள்.

எங்களுடையது அப்பா ஆரம்பித்த தொழில். கும்பகோணத்தைச் சுற்றி மயிலாடுதுறை, பாபநாசம், மன்னார்குடி வரை கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறோம். இத்தனை வருஷமும் எங்கள் ஆட்களுக்குச் சீருடை என்றால் நாலு முழ வேட்டி, இடுப்பில் ஒரு ஈரிழைத் துண்டு, அவ்வளவுதான். உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளின் நான்காம் அட்டவணை, சமைப்பவரும் பரிமாறுபவரும் சுத்தமான ஏப்ரன், தலையுறை அணிய வேண்டும் என்கிறது. மண்டபத்துக்காரர்களும் இப்போதெல்லாம் கேட்கிறார்கள். எங்கள் மாஸ்டர் அப்பா காலத்து ஆள், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அவரை ஏப்ரன் கட்டச் சம்மதிக்க வைக்கவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. "அடுப்புப் பக்கத்துல நைலான் கிய்லான் வேண்டாம்மா, பருத்தின்னா கட்டிக்கிறேன்" என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. அந்த நிபந்தனையைத்தான் உங்களிடம் முதல் வரியாகச் சொன்னேன்.

மார்ச் 10-ஆம் தேதி கொட்டேஷன் கொடுத்தீர்கள். அரக்கு நிறம், நூறு சதவீதப் பருத்தி டிரில் (கெட்டி நெசவு) துணி, 240 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 240 கிராம் எடை), சுருக்கம் எடுத்தது, கழுத்துப் பட்டை கூட்டிக் குறைக்கிற மாதிரி, நெஞ்சில் சந்தன நிறத்தில் எங்கள் லோகோ. பீஸ் 260 ரூபாய், 150 பீஸுக்கு 39,000, ஐந்து சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 40,950. மார்ச் 19 அன்று சாம்பிள் வந்தது. நல்ல துணி, குறை சொல்ல முடியாது. மாமா அதைக் கட்டிக்கொண்டு இரண்டு விசேஷம் பார்த்தார். மூன்று தடவை சோடா போட்டு வெந்நீரில் துவைத்தோம். சாயமும் போகவில்லை, எழுத்தும் பெயரவில்லை. அதற்கப்புறம்தான் மார்ச் 27-இல் சரி சொல்லிப் பாதிப் பணம் அனுப்பினேன். உங்கள் கையெழுத்தும் தேதியும் போட்ட அட்டை அந்தச் சாம்பிளில் இன்னும் தொங்குகிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சித்திரை பிறப்பதற்குள் வந்துவிடும் என்றீர்கள். லாரி பார்சல் வந்து சேர்ந்தது ஏப்ரல் 26. பன்னிரண்டு நாள் தாமதம், அதைக்கூட விட்டுவிடுகிறேன். எண்ணிப் பார்த்தால் 146 தான் இருந்தது. அதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூட்டையைப் பிரித்து முதல் ஏப்ரனை உதறிய பையன்தான் கேட்டான்: "அக்கா, ஊர்ப் பேருக்கு நடுவுல என்ன வடை போட்டிருக்காங்க?"

வடைதான். எங்கள் லோகோவில் குத்துவிளக்கின் கீழ் 'கும்பகோணம்' என்று இருக்கும். அதில் 'கோ'வின் கொம்பு க-வுக்கு முன்னால் நிற்க வேண்டும். நீங்கள் அச்சடித்ததில் அது க-வைத் தாண்டிப் போய், துணைக்காலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாத மென்பொருளில் தட்டச்சு செய்தால் கம்ப்யூட்டர் திரையில் வருமே, அதே வட்டம். அதைச் சந்தன நிற மையில் 146 நெஞ்சிலும் அச்சடித்து அனுப்பியிருக்கிறீர்கள். என் அக்கா பையன் எழுத்துகளையெல்லாம் கோட்டு வடிவமாக மாற்றித்தான் பைலை அனுப்பினான். அதை அப்படியே எடுத்திருந்தால் எழுத்து உடைய வழியே இல்லை. சாம்பிளில் சரியாகத்தானே இருந்தது? ஸ்கிரீன் போடும்போது உங்கள் டிசைனர் திரும்பத் தட்டச்சு செய்திருக்கிறார், வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அச்சுக்குப் போகிறதுக்கு முன்னால் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா? கரூரில் அதற்கு ஆள் பஞ்சமா?

இதுவரை சொன்னது கோபம் வருகிற சமாச்சாரம். பயம் வந்தது அதற்கப்புறம்தான்.

ஏப்ரல் 28 அன்று திருக்கடையூரில் ஒரு அறுபதாம் கல்யாணம். பேர் தப்பாக இருந்தாலும் அடுப்படியில் யார் வந்து படிக்கப் போகிறார்கள் என்று பத்து ஏப்ரனை மட்டும் பிரித்து அடுக்களை ஆட்களுக்குக் கொடுத்தேன். எங்களுக்குக் கோட்டையடுப்பு, சவுக்கு விறகு. சவுக்கு எரியும்போது நடுநடுவே பட்டென்று வெடித்துப் பொறி தெறிக்கும். அது எங்களுக்குப் பழக்கம்தான். துண்டில் விழுந்தால் ஒரு சின்ன ஓட்டை விழும், கையால் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். அன்று சாம்பார் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த பையனின் ஏப்ரனில் ஒரு பொறி விழுந்தது. அவனும் வழக்கம்போலத் தட்டினான். அது போகவில்லை. துணி உருகி, உள்ளே கட்டியிருந்த வேட்டியோடு தொடையில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தால் சுண்டைக்காய் அளவுக்குக் கொப்புளம். பெரிய காயம் இல்லை, மருந்து போட்டு ஆறிவிட்டது. ஆனால் அது பொறி. தீ நாக்காக இருந்திருந்தால்? மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. தன் ஏப்ரனைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டுத் துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் வந்து பார்த்தேன். சாம்பிளின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூல், மூட்டையில் வந்ததிலிருந்து ஒரு நூல், இரண்டையும் விளக்கில் காட்டினேன். சாம்பிள் நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகிற சாம்பல் ஆனது. மூட்டை நூல் நெருப்பைக் கண்டதும் சுருண்டது, உருகியது, நுனியில் கறுப்பாகக் கடுகு மாதிரி ஒரு உருண்டை நின்றது. ஆறின பிறகு நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், உடையவில்லை. பாலியஸ்டர் கலந்த துணி என்று இதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் அந்த ஓட்டை விழுந்த ஏப்ரனிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு பெரிய கடைத்தெருவில் தெரிந்த நகைக்கடைக்குப் போனேன். "என்னம்மா, துணியை உருக்கி வளையல் பண்ணவா?" என்று கேட்டுக்கொண்டே தராசில் வைத்தார். 1.71 கிராம். சதுர மீட்டருக்கு 171 கிராம் என்று அர்த்தம். சாம்பிளிலிருந்து அதே அளவு துண்டு 2.37 கிராம். சாம்பிள் மூன்று தடவை துவைத்தது, கொஞ்சம் இறுகியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். சரி, அதை ஒதுக்கிவிடுங்கள். உங்கள் கொட்டேஷனே 240 என்கிறதே. உங்கள் தம்பி போனில் "டாலரன்ஸ் உண்டு மேடம்" என்றார். ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்பது எனக்கும் தெரியும், அப்படிப் பார்த்தாலும் 228-க்குக் கீழே வரக் கூடாது. இங்கே குறைவது 69, அதாவது நூற்றுக்கு 28-க்கும் மேல். நான் ஒரு கிலோ பருப்புக்குக் காசு வாங்கிக்கொண்டு முக்கால் கிலோவுக்கும் குறைவாக நிறுத்துக் கொடுத்துவிட்டு அதை டாலரன்ஸ் என்றால் என்னை விடுவார்களா?

அந்தப் பத்து ஏப்ரனையும் ஒரு தடவை துவைத்ததில் ஏழில் லோகோ வெடித்திருக்கிறது. விளக்கின் தண்டு பாளம் பாளமாக நிற்கிறது. இங்கே பனியனுக்கு அச்சுப்போடுகிற ஒருவரிடம் காட்டினேன். இந்த மாதிரி மை அடி வரைக்கும் 160 டிகிரி சூட்டைப் பார்க்க வேண்டுமாம், மேலே மட்டும் காய்ந்தால் இப்படித்தான் ஆகுமாம். எங்கள் பாஷையில் அரைவேக்காடு. கழுத்துப் பட்டை கூட்டிக் குறைக்கிற மாதிரி இல்லாமல் ஒரே அளவில் தைத்து வந்திருக்கிறது. ஐந்தடிப் பையனுக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே பட்டை.

"கஸ்டம் பிரிண்ட் போட்டதை ரிட்டன் எடுக்க மாட்டோம்" என்பது உங்கள் தம்பியின் அடுத்த பதில். எனக்கு நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்று நான் திருப்பி அனுப்பினால் அந்தப் பதில் நியாயம். நீங்கள் ஒப்புக்கொண்டதையே அனுப்பாதபோது அது எப்படிப் பொருந்தும்? அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் குறைத்துத் தருவதாகவும் சொன்னார். ஊசிப்போன சாம்பாரை ஊற்றிவிட்டு, அடுத்த கல்யாணத்தில் பாயசம் இன்னொரு கரண்டி போடுகிறேன் என்று பெண் வீட்டாரிடம் நான் சொல்லிப் பார்க்கட்டுமா?

என் பக்கமும் தப்பு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. துணி வெட்டுவதற்கு முன் அதே துணிச் சுருளிலிருந்து (தானிலிருந்து) ஒரு துண்டு அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். அச்சுப் போட்ட முதல் பீஸை வாட்ஸ்அப்பில் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். "பணம் வந்தால்தான் பார்சல் ஏறும்" என்றதும் ஏப்ரல் 22-இல் மீதி 20,475-ஐயும் அனுப்பியது என் அவசரம். அடுக்களைத் துணிக்கும் மேசை விரிப்புக்கும் வெளிநாடுகளே கரூரைத் தேடி வருகின்றன, அவர்கள் ஊர் வழியாக வருகிற காவிரித் தண்ணீரைக் குடிக்கிற நம்மை ஏமாற்றவா போகிறார்கள் என்று ஒரு நம்பிக்கை.

எங்களிடம் அடிக்கடி விசேஷம் கொடுக்கிற வக்கீல் ஒருவரிடம் விசாரித்தேன். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். சாம்பிள் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் தரத்தில் அந்தச் சாம்பிளை ஒத்திருக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு தர வேண்டும் என்கிறது அது. விவரமும் சொல்லி சாம்பிளும் காட்டி விற்றால் இரண்டுக்குமே பொருந்த வேண்டும் என்பது 15-ஆம் பிரிவு. நீங்கள் இரண்டும் செய்தீர்கள், சரக்கு இரண்டுக்கும் பொருந்தவில்லை. நோட்டீஸ் அனுப்பலாமா என்று அவர் கேட்டார், கொஞ்சம் பொறுங்கள் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

எனக்கு வழக்கு வேண்டாம், ஏப்ரன் வேண்டும். வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன. சாம்பிளில் இருந்த அதே பருத்தித் துணியில், சரியான எழுத்தோடு 150 பீஸ் மே 31-க்குள் வர வேண்டும். தைப்பதற்கு முன்னால் அந்தத் தானிலிருந்து ஒரு கை அகலத் துண்டும், அச்சுப் போட்ட ஒரு பீஸும் எனக்கு வந்து சேர வேண்டும். நான் எழுத்தில் சரி சொன்ன பிறகுதான் மற்றதில் கத்தரி வைக்க வேண்டும். அடுக்களைக்கான 60 பீஸ் விஷயத்தில் எந்தப் பேரமும் கிடையாது. பரிமாறுகிறவர்களின் 90 பீஸுக்கு மட்டமான துணியே போதும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அவர்களும் கொதிக்கிற ரசத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான்.

முடியாது என்றால் அதை இந்த வாரமே சொல்லிவிட்டு 40,950 ரூபாயையும் பதினைந்து நாளில் என் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். எப்படியானாலும் இங்கிருக்கும் சரக்கைத் திரும்ப எடுக்கிற லாரி வாடகை உங்களுடையது. கட்டாத 136 பீஸும் வந்தபடியே மூட்டையில் இருக்கின்றன. கட்டிய பத்தும், அதில் ஓட்டை விழுந்து நான் சதுரம் வெட்டிய ஒன்றும் உள்பட, தனியாக ஒரு பையில் இருக்கின்றன. சாம்பிளை மட்டும் அனுப்ப மாட்டேன், அது என்னிடமே இருக்கும்.

இந்தக் கடிதத்தோடு பில் நகல், கொட்டேஷன், தராசுப் படங்கள், உருகிய இடத்தின் படம், அக்கா பையன் அனுப்பிய லோகோ பைல் எல்லாம் வைத்திருக்கிறேன். 16-ஆம் தேதிக்குள் உங்களிடமிருந்து எழுத்தில் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

போனில் பேசுவதானால் காலை பதினொரு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன் பந்தி நடந்துகொண்டிருக்கும். இந்தத் தடவை நீங்களே பேசுங்கள், தம்பியிடம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட்,
கும்பகோணம்.