பாசிக்குப் போகும் பெண்களின் தூக்குச்சட்டியில் என்ன இருக்க வேண்டும்?

மண்டபம் வட்டாரத்தில் தின்பண்டம் செய்து விற்கும் மகளிர் சுய உதவிக் குழுத் தலைவியருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் பாம்பனில் பிறந்தவள். என் தாயார் 30 ஆண்டுகள் கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுத்தவர். விடியுமுன் வள்ளம் ஏறி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாரில் (கடலடிப் பாறையில்) முளைத்த மரிக்கொழுந்துப் பாசியை மூச்சடக்கிப் பிய்த்தெடுத்துவிட்டு நண்பகலுக்கு மேல் அவர் கரை திரும்பும்வரை, வயிற்றுக்குள் போனது பெரும்பாலும் ஒரு தம்ளர் தேநீரும் நான்கைந்து பிஸ்கட்டுகளும்தான். அண்மையில் ஒரு நாள் உறவுக்காரப் பெண்களுடன் நானும் வள்ளத்தில் போயிருந்தேன். பத்து மணி அளவில் மேலேறி வந்த ஓர் அக்காள், விரல் துணியைக்கூட அவிழ்க்காமல் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தார். உப்புநீர் சொட்டிய பிஸ்கட் அவர் கையிலேயே கரைந்தது. மீதியைக் கடலில் உதறிவிட்டு மறுபடியும் குதித்தார். இந்த மடலை எழுத வைத்தது அந்தக் காட்சிதான். அந்தப் பிஸ்கட்டுக்குப் பதிலாகப் புரதம் மிகுந்த தின்பண்டம் ஒன்றை நீங்கள் செய்து தர வேண்டும் என்று கேட்கிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 46 கிராம். 50 கிராம் பிஸ்கட்டில் கிடைப்பதோ மூன்று, நான்கு கிராம்தான். மற்றது மாவும் சர்க்கரையும் கொழுப்பும். அதே எடையுள்ள வறுத்த கொண்டைக்கடலையில் சுமார் 10 கிராமும், வறுத்த நிலக்கடலையில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கின்றன. ஓர் அவித்த முட்டையில் 6 கிராம் உண்டு. அதை ஓடு உரிக்காமல் கொண்டுபோவது நல்லது. நெத்திலிக் கருவாட்டிலும் புரதம் நிறைய உண்டுதான், ஆனால் அதன் உப்பு இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் அதை நான் முன்வைக்கவில்லை.

சோயாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அது மீல்மேக்கராக மட்டுமே அறிமுகம், அதுவும் குழம்பில். காய்ந்த சோயா அவரையில் 100 கிராமுக்கு 36 கிராம் அளவில் புரதம் இருக்கிறது, அதன் தரமும் மற்றப் பருப்புகளைவிட மேலானது. ஆனால் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டால் அதிலுள்ள சில பொருள்கள் புரதச் செரிமானத்தையே தடுக்கும். எனவே இரவு ஊறவைத்து, நீரைக் கொட்டி, நன்றாக வேகவைத்து உலர்த்தி, மொறுமொறுப்பாகும்வரை வறுக்க வேண்டும். பச்சை வாடையும் அதில் போய்விடும். சோயாப் பன்னீர் நம் வெயிலுக்குக் குளிர்பெட்டி இல்லாமல் நிற்காது. ஊறிய மீல்மேக்கரும் விரைவில் கெடும். ஆகவே கடலுக்கு ஏற்றது வறுத்த சோயாதான். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் இடையே சில மணிநேரம் விட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

எதைச் செய்தாலும் ஈரக்கையால் எடுத்து, ஒரே வாயில் போட்டுக்கொள்ளும்படி இருக்க வேண்டும். வறுத்த கடலைப் பொட்டலத்துக்குள் ஈரக்கை ஒரு முறை போனால் முழுவதும் நமுத்துவிடும். நிலக்கடலையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தால் அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. இதற்கு விடை நம் பாட்டிமார் கையிலேயே இருந்திருக்கிறது: பொருள்விளங்கா உருண்டை. வழக்கமான அரிசி, பாசிப்பயறு மாவோடு ஒரு பங்கு வறுத்த சோயா மாவும் சேர்த்து, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டிப் பாகில், சுக்கு தட்டிப் போட்டுப் பிடிக்கலாம். அரிசியில் குறையும் புரதக்கூறு பயற்றிலும், பயற்றில் குறைவது அரிசியிலும் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று நிரப்பும். ஒரு பங்கு அரிசி, இரண்டு பங்கு பயறு, ஒரு பங்கு சோயா, இவற்றின் மொத்தத்தில் பாதி எடைக்குக் கருப்பட்டி என்று நான் போட்ட கணக்கில், 40 கிராம் உருண்டையில் ஒரு முட்டைக்கு ஈடான புரதம் வருகிறது. பல் தளர்ந்தவர்களுக்காகப் பாகை இளம்பதத்தில் இறக்கிக் கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்த்து, நெல்லிக்காய் அளவில் சிறிதாகப் பிடிக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இனிப்பு உருண்டை வேண்டாம். கடலையையும் சோயாவையும் மிளகு போட்டு வறுத்து, ஒரு வாய்க்கான சிறு பொட்டலங்களாக மடித்துத் தரலாம்.

முறுக்கும் மிக்சரும் விற்பதை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. பாசிப் பெண்கள் பலர், கடல் தழைக்க வேண்டும் என்று மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்பது எனத் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். அந்த 12 நாளுக்கு மட்டும், ஆளுக்கு நாளொன்றுக்கு 80 கிராம் உருண்டை என்று ஒரு குழு செய்து தந்தால் போதும். முதல் ஈடுக்கான சோயாவையும் பயறையும் நான் வாங்கித் தருகிறேன். வறுத்து அரைத்துப் பாகு காய்ச்ச உங்கள் கைப்பக்குவம் வேண்டும். வருகிற பாசித் தவணைக்கு முன் ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள், வாணலியோடு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பாசி எடுத்த ஒரு தாயின் மகள்,
பாம்பன்.