செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: கண்மாய்க் கரையும் வாலில்லாக் கிளைடரும்

பொதுக்குழு உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பழையபடிதான், நிர்வாகக் குழுவிலும் மாற்றம் இல்லை. எனவே மோட்டார் இல்லாத, ரேடியோவால் இயக்கும் நம் மாதிரிக் கிளைடர்களை எங்கே பறக்கவிட்டோம், எதைக் கட்டினோம் என்ற இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

மதுரையைச் சுற்றி இத்தனை மலை இருக்க, ஏன் கண்மாய்க் கரையில் நிற்கிறீர்கள் என்று புதிதாகச் சேருகிற எல்லோரும் கேட்கிறார்கள். திருப்பரங்குன்றமும் பசுமலையும் விமான நிலையத்துக்கு மிக அருகில் இருக்கின்றன. 2021 ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் வரை அனுமதி பெறாமல் எதையும் பறக்கவிட முடியாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம், அதற்கு அப்பால் 400 அடி. நம் கிளைடரில் மோட்டார் இல்லை என்பதால் விதி நம்மை விட்டுவிடாது. ஆளில்லாமல் தொலைவிலிருந்து இயக்கினால் அதுவும் கணக்கில் சேர்த்திதான். யானைமலையிலும் சமணர் மலையிலும் சமணர் படுகைகளும் சிற்பங்களும் இருக்கின்றன. அந்தப் பாறைகளில் ஒரு கீறல்கூட நம்மால் விழக் கூடாது.

அரிட்டாபட்டியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் அங்கே வாழ்கின்றன. காற்று அருமையாக இருக்கும் என்று சில உறுப்பினர்கள் ஆசைப்பட்டது உண்மை. ஆனால் பாறையில் மோதி மேலேறுகிற அதே காற்றில்தான் அந்தப் பறவைகளும் வட்டமிடுகின்றன. அங்கே போவதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பொதுக்குழுவும் இதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி கண்மாய்க்கு வருகிறேன். நம் பக்கத்து நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்கிறது. ஓடிவரும் தண்ணீரைத் தடுக்கத்தான் கரை என்பதால், பெரும்பாலான கண்மாய்களில் கரை கிழக்குப் பக்கம் இருக்கும். அதன் உட்சரிவு மேற்கைப் பார்த்திருக்கும். ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கும் தென்மேற்குமாக வீசும் காற்று, வறண்டு கிடக்கும் உள்வாயை, அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பை, தடையில்லாமல் கடந்து வந்து நேராக அந்தச் சரிவில் ஏறுகிறது. தண்ணீருக்காகக் கட்டிய கரை நமக்காகவே திரும்பி நிற்பதைப் போல எனக்குத் தோன்றும். கிளைடர் எப்போதுமே இறங்கிக்கொண்டிருக்கும் பொருள். அது இறங்கும் வேகத்தைவிடக் காற்று மேலேறும் வேகம் கூடுதலாக இருந்தால் நிற்கும், ஏறவும் செய்யும். சில மீட்டரே உயரமுள்ள கரையில் இந்த ஏறுகாற்று கரையைப் போல ஓரிரு மடங்கு உயரம் வரைதான் கிடைக்கிறது. அகலமும் குறைவு. அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே போய்த் திரும்பி வர வேண்டும். ஐப்பசிக்கு மேல் உள்வாயில் தண்ணீர் நிற்கும், காற்றும் வடகிழக்குக்கு மாறிவிடும். அந்தக் காற்றுக்கு எதிரே இருப்பது கரையின் வெளிப்புறம். அங்கே பயிர் நிற்கிறது, அதனால் அந்தப் பக்கம் நாம் போவதில்லை.

வாலில்லாக் கிளைடரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் இந்தக் கரையேதான். உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். வால் உள்ள கிளைடர் முள்ளில் இறங்கினால் முதலில் ஒடிவது வாலைத் தாங்கும் குச்சி. வாலில்லாததில் ஒடிய எதுவும் இல்லை. ஈபிபி என்ற, வளைந்தாலும் உடையாத நுரையில் முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த நிமிடமே வீசலாம். இந்த ஆண்டு கட்டியவை எல்லாம் பின்னோக்கிச் சாயாத நேர் இறக்கைகள். முழுநீளம் 1.2 மீட்டர், அகலம் 25 சென்டிமீட்டர், நடுவில் ஒரே செங்குத்துத் துடுப்பு, மொத்த எடை 450 கிராமுக்குள். பிரான்சில் ஷார்ல் ஃபோவெல் வடிவமைத்து 1951இல் பறந்த ஏவி 36 இதே குடும்பம்தான். ஆள் உட்கார்ந்து ஓட்டும் கிளைடர் அது. அதன் படத்தைக் காட்டியபோது நம் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் எனக்கு மிகுந்த சந்தோஷத்தைக் கொடுத்தன.

வால் இல்லாததற்கு ஒரு விலை உண்டு. மூக்கை நிலையாக வைத்திருக்கும் வேலையையும் இறக்கையே செய்ய வேண்டும். அதற்காகப் பின்விளிம்பைச் சற்று மேல்நோக்கி வளைக்கிறோம். இதனால் தூக்குவிசை கொஞ்சம் குறையும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஈர்ப்பு மையத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. நேர் இறக்கையில் சமநிலையின் கடைசி எல்லை, முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்கு. நம் இறக்கையில் அது 6.25 சென்டிமீட்டர். ஈர்ப்பு மையத்தை நாம் 5 சென்டிமீட்டரில் வைக்கிறோம். அதாவது, நன்றாகப் பறப்பதற்கும் பறக்கவே முடியாததற்கும் நடுவில் இருப்பது ஒன்றேகால் சென்டிமீட்டர்.

இது வெறும் கணக்கு இல்லை என்பதை ஆடியில் பார்த்தோம். புதிய உறுப்பினர் ஒருவரின் இறக்கை கையை விட்டதும் மூக்கைத் தூக்கி, புரண்டு, கரைக்குப் பின்னால் மேய்ந்த ஆடுகளுக்கு நடுவே விழுந்தது. ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. திறந்து பார்த்தால் ரேடியோவுக்கான 80 கிராம் பேட்டரி தன் இடத்திலிருந்து 5 சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்திருந்தது. அது மட்டுமே மொத்தக் கிளைடரின் ஈர்ப்பு மையத்தை 9 மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்துவிட்டது. எல்லைக்கு மிச்சம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. கரைக்குப் பின்னால் காற்று சுருண்டு கீழே அமுக்கும் என்பதால் அங்கே போன இறக்கையை மீட்கவும் வழியில்லை. அன்றிலிருந்து, இன்னொரு உறுப்பினர் விரல் நுனியில் தூக்கிச் சமநிலை பார்த்த பிறகே யாரும் வீசலாம் என்று வைத்திருக்கிறோம். இதைத் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும். எலிவான் (பின்விளிம்பில் இரு பக்கமும் அசையும் மடல்) சோதனையையும் அதோடு சேர்க்கலாம். ரிமோட்டின் குச்சியைப் பின்னால் இழுத்தால் இரண்டும் மேலே வர வேண்டும், வலப்பக்கம் தள்ளினால் வலது மேலேயும் இடது கீழேயும் போக வேண்டும். அசைவு 6 முதல் 8 மில்லிமீட்டர் போதும். கூட வைத்தால் இறக்கை துள்ளும்.

கட்டுமானப் பட்டறையில் நிறையக் கற்றோம். ஈபிபி நுரையை ஒன்றாகச் சேர்த்துத் தருவித்ததில் கூரியர் செலவு மிச்சமானது. தெர்மகோலில் கட்டிப் பழகிய சிலர் செருப்புக்கடை ரப்பர் பசையைத் தடவ, தெர்மகோல் கரைந்து குழியாகிவிட்டது. அந்தப் பசை ஈபிபியை ஒன்றும் செய்வதில்லை. மூக்கு எடைக்கு மீன்வலை ஈயக்குண்டு நன்றாகப் பொருந்துகிறது. அப்புறம் நம் ஊர் வெயில். பூட்டிய காருக்குள் கிடந்த இறக்கைகள் முறுக்கிக்கொண்டன. முறுக்கிய இறக்கை ஒரு பக்கமாகவே சாய்ந்துகொண்டிருக்கும், ரிமோட்டில் டிரிம் என்ற சின்னத் திருத்தத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அயர்ன் பாக்ஸின் இளஞ்சூட்டில் இறக்கைமேல் ஒட்டிய டேப்பை இளக்கி, எதிர்ப்பக்கமாகத் திருகி, ஆறும் வரை பிடித்தால் நேராகிவிடும். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடப் பொறுமையாகச் செய்தார்கள்.

கரையில் நிற்க அனுமதித்த ஊராருக்கும், எந்த இடத்தில் மண் இளகியிருக்கிறது, எங்கே கால் வைக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் கூடவே நடந்து காட்டிய, கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சி ஐயாவுக்கும் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. அவருடைய பேத்தி இப்போது நம் உறுப்பினர். கரையில் ஆணி அடிப்பதோ, செடி வெட்டுவதோ, குப்பை போடுவதோ இனியும் கூடாது.

வரும் ஆண்டில் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையைக் கட்டலாம் என்பது என் முன்மொழிவு. ஜெர்மனியில் ஹார்ட்டன் சகோதரர்கள் 1930களில் செய்துகாட்டிய வழி அது. சாய்ந்த இறக்கையின் நுனிகள் பின்னால் இருப்பதால், அவற்றைச் சில டிகிரி கீழ்நோக்கி முறுக்கினால் அவையே வாலின் வேலையைச் செய்யும். இரண்டு நுனிகளிலும் முறுக்கு ஒரே அளவாக இருக்க வேண்டும். அதற்கு நேர் இறக்கையில் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும். ஆகவே புதியவர்கள் இந்த ஆண்டும் நேர் இறக்கையே கட்டட்டும்.

தை, மாசியில் காற்று குறைவு. அந்த ஞாயிறுகளைக் கட்டுவதற்கும், சமதரையில் கையால் வீசிப் பார்ப்பதற்கும் வைத்துக்கொள்வோம். நுரை வெட்டும் நைக்ரோம் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் சங்கத்தில் இருக்கின்றன. இறக்கை வார்ப்பு அட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போனவர்கள் அடுத்த கூட்டத்தில் திருப்பித் தரவும். அரிட்டாபட்டி, சமநிலைச் சோதனை ஆகிய இரண்டு தீர்மானங்களையும் இப்போது வாக்கெடுப்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்