சதுர ஓட்டை விஷயமாக

பீன்யா, பெங்களூரு

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே வீட்டில் சுகம். இப்போதெல்லாம் ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி பீன்யா இண்டஸ்ட்ரியில் இறங்கிவிடுகிறேன். கொரகுண்டேபாளையா சிக்னலில் லாரிப் புகைக்கு நடுவில் நிற்கும் பாடு இல்லை. பட்டறையில் வேலை இருக்கிறது, ஆள்தான் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன்கள் முன்பு லேத் பழக வருவார்கள். இன்றைக்கு வருகிறவன் முதல் நாளே கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மிஷின் எங்கே என்று கேட்கிறான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கோவை கணபதியில் உனக்கு வந்திருக்கும் வால்வு கைச்சக்கர ஆர்டர்: வார்ப்பிரும்பு, 25 மில்லி கனம், நடுவில் 14 மில்லி சதுர ஓட்டை. உன் மருமகன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, சதுரமாகவே துளைக்கும் டிரில் பிட் இருக்கிறது, வாங்கிவிடலாம் மாமா என்கிறானாம். பையன் பொய் சொல்லவில்லை. அப்படி ஒன்று உண்டு. ஆனால் வாங்காதே.

அதன் அடிப்படை ரூலோ முக்கோணம். பக்கங்கள் வெளியே வளைந்திருக்கும். சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு முனையையும் மையமாக வைத்து எதிர்ப்பக்கத்தை வளைவாக வரைந்தால் வருவது. எந்தத் திசையில் அளந்தாலும் ஒரே அகலம் என்பதால், சதுரத்துக்குள் வைத்துச் சுற்றினால் நான்கு சுவரையும் தொட்டபடியே ஓடும். பரப்பில் 98.77 சதவீதத்தைத் துடைத்துவிடும். மூலையில் மட்டும் கொஞ்சம் மழுங்கல் நிற்கும். இதை வைத்து அமெரிக்காவில் ஹாரி வாட்ஸ் என்பவர் 1917இல் பேட்டன்ட் எடுத்தார். சிக்கல் எங்கே என்றால், முக்கோணம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அதன் மையம் எதிர்த்திசையில் மூன்று சுற்று போகிறது. பிட்டைப் பிடிக்கும் நம் டிரில் சக்கில் மாட்டினால் உடையத்தான் செய்யும். பக்கவாட்டில் மிதக்கிற தனிச் சக் வேண்டும். அதோடு, பிட்டை வழிநடத்த மேலே ஒரு கெட்டியான தகடு வேண்டும், அதில் ஏற்கெனவே ஒரு சதுர ஓட்டை வேண்டும்! அந்த ஓட்டையை எவன் போடுவது? அரம் பிடித்த ஃபிட்டர்தான். அழகான கணக்கு, ரசிக்கலாம். இத்தனை வருஷத்தில் பீன்யாவில் ஒரு ஷெட்டிலும் இது ஓடி நான் பார்த்ததில்லை.

மையம் நகராமல் சுழல்கிற எதுவும் வட்டத்தைத்தான் விடும். மில்லிங்கில் எவ்வளவு சின்ன கட்டர் போட்டாலும் மூலையில் அந்தக் கட்டரின் ஆரம் நிற்கும். ஆகவே சதுர ஓட்டையின் காசு முழுக்க அந்த நாலு மூலையில்தான் இருக்கிறது. நடுவில் இருப்பதை டிரில் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடும்.

ஐ.டி.ஐ.யில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற ஆண்-பெண் ஃபிட்டிங் செய்தோமே, நினைவிருக்கிறதா? டிரில் போட்டு, சதுர அரத்தால் சுவரைத் தள்ளி, முக்கோண அரத்தால் மூலையை எடுத்து, பல்லில் தூள் அடைக்காமல் இருக்க சாக்பீஸ் தேய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் கசிவு பார்ப்போம். ஒன்றிரண்டு ஓட்டைக்கு இன்றைக்கும் அதை மிஞ்ச எதுவும் இல்லை. முக்கோண அரத்தின் முனை 60 டிகிரி என்பதால் 90 டிகிரி மூலைக்குள் தாராளமாகப் போகும்.

எண்ணிக்கை கூடினால் ஸ்லாட்டிங் மிஷின். டூலைப் பிடித்திருக்கும் ராம் மேலும் கீழும் ஓடும், டூல் ஒவ்வொரு இறக்கத்திலும் ஒரு சீவல் எடுக்கும், ஒரு சுவர் முடிந்ததும் டேபிளை 90 டிகிரி திருப்பினால் அடுத்த சுவர். மெதுவான வேலைதான். ஆனால் டூல் செலவு என்பது நாமே கிரைண்டரில் தீட்டிக்கொள்ளும் ஒரு ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) துண்டு. உங்கள் ஊரில் இந்த மிஷின்களுக்குப் பஞ்சமே இல்லை.

நூற்றுக்கணக்கில் போனால் புரோச்: வரிசையாகப் பல் வைத்த நீளக் கம்பி, ஓட்டைக்குள் ஒரே தடவை செலுத்தினால் பல்லுக்குப் பல் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டு போகும். உன் ஜாபுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14 மில்லி சதுரத்தின் மூலைவிட்டம் 19.8. 14 மில்லி டிரில் போட்ட பிறகு ஒவ்வொரு மூலையிலும் 2.9 மில்லி மிச்சம். ஒரு பல்லைவிட அடுத்த பல் 0.05 மில்லி உயரம் என்று வைத்தால் 58 பல். 25 மில்லி கனத்தில் எப்போதும் இரண்டு மூன்று பல்லாவது உள்ளே இருக்க வேண்டும், சீவல் தங்கப் பல்லிடுக்கில் இடமும் வேண்டும். பல்லுக்குப் பல் 9 மில்லி வைத்தாலும் பல் பகுதி மட்டுமே அரை மீட்டரைத் தாண்டிவிடும். அவ்வளவு நீளத்தை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து மேலிருந்து தள்ளினால் வளையும். இழுக்கிற புரோச்சிங் மிஷின் இல்லாதவர்கள் இரண்டு மூன்று துண்டாக செட் செய்து ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுவார்கள். டிரில்லை 14க்குப் பதில் 14.5 போட்டால் சுவரில் லேசான குழிவு தெரியும், புரோச்சுக்குச் சுமை நன்றாகக் குறையும். கைச்சக்கரத்தில் அந்தக் குழிவை யாரும் குறை சொல்லப் போவதில்லை.

அடி மூடிய ஓட்டைக்கு இது எதுவும் செல்லாது. அதற்கு ரோட்டரி புரோச் இருக்கிறது, லேத்திலேயே மாட்டலாம். டூலின் அச்சு ஒரு டிகிரி சாய்ந்திருக்கும், டூல் ஜாபோடு சேர்ந்து தானாகச் சுற்றும். ஆட்டுக்கல்லில் குழவி சாய்ந்து சுழல்வதுபோல் ஒரு நேரம் ஒரு மூலை மட்டும் அழுத்தி வெட்டுவதால் மொத்த பலமும் ஒரே சமயத்தில் தேவைப்படாது. பித்தளை, அலுமினியம், எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) எல்லாம் நன்றாகப் போகும். ஹார்டன் செய்த, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய, இரும்பென்றால் மின்பொறியால் அரிக்கும் ஸ்பார்க்தான்: செம்பிலோ கிராஃபைட்டிலோ சதுர எலக்ட்ரோடு செய்து எண்ணெயில் முக்கி அரித்து எடுப்பது. ஆர்பார், அதாவது அடி திறந்த, ஓட்டைக்கு ஒயர் கட்: மெல்லிய ஒயரின் மின்பொறியால் அறுப்பது. 0.25 பித்தளை ஒயரில் மூலை ஆரம் 0.15க்குள் வந்துவிடும். ஆனால் மணிக்கணக்கில் பில் ஏறும்.

போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து டிராயிங் வந்தது. ஹார்டன் செய்த பிளாக், 12 மில்லி சதுரம், அடி மூடியது, மூலை கூர்மையாக வேண்டும் என்று தனியாக ஒரு குறிப்பு. டிசைன் பெண்ணைப் போனில் பிடித்து, உள்ளே என்னம்மா போகும் என்றேன். சதுர ஷாஃப்ட் என்றாள். ஷாஃப்ட் டிராயிங்கையும் அனுப்பச் சொன்னேன். பார்த்தால் அதன் நாலு விளிம்பிலும் ஒரு மில்லி சேம்ஃபர், விளிம்பைச் சாய்வாகச் சீவியிருக்கிறார்கள்! ஓட்டையின் மூலையில் எதுவுமே தொடப்போவதில்லை. மூலைக்கு ஒன்றாக நாலு சின்ன டிரில், பிறகு மில்லிங், அதன் பிறகு ஹார்டனிங் என்று மாற்றச் சொன்னேன். மறுநாளே திருத்திய டிராயிங் வந்தது. கெட்டிக்காரப் பெண், வாதாடவில்லை. கேட்காமல் ஸ்பார்க்குக்கு அனுப்பியிருந்தால் எனக்கு வேலையும் கிடைத்திருக்காது, அவர்களுக்குக் காசும் மிஞ்சியிருக்காது.

அதனால் நீயும் முதலில் கைச்சக்கரம் உட்காரும் வால்வுத் தண்டின், அதாவது ஸ்பிண்டிலின், முனையைப் பார். அதுவும் விளிம்பு உடைத்ததாக இருந்தால் ஓட்டை மூலையில் அரை மில்லி ஆரம் விட்டாலும் உட்காரும். அதைப் பார்ட்டியிடம் எழுத்தில் வாங்கிக்கொள். ஐம்பது சக்கரம்தான் என்றால் ஸ்லாட்டிங்குக்கு ஜாப் ஒர்க் கொடுத்துவிடு. ஐந்நூறு, அதுவும் வருஷா வருஷம் வரும் என்றால் புரோச் செட் செய்வோம். யஷ்வந்த்பூர் பக்கம் நன்றாகத் தீட்டிக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், விலை கேட்டுச் சொல்கிறேன். வார்ப்பிரும்பை உலர்வாகவே தள்ளலாம், எண்ணெய் ஊற்றினால் தூள் களிம்பாகிப் பல்லில் அப்பும்.

மருமகனைத் திட்டாதே. ஜனவரியில் தும்கூர் ரோட்டில் மிஷின் கண்காட்சி வந்தால் கூட்டி வா. மெட்ரோ மாதாவரா வரை போகிறது, வீட்டிலிருந்து ஒரே வண்டி. அதற்குமுன் ஸ்பிண்டில் அளவை நாலைந்து பீஸில் வெர்னியர் வைத்துப் பார்த்து எழுதிவிடு. டிராயிங்கில் 14 என்று போட்டுவிட்டு 13.7 அனுப்புகிற ஆட்கள் நிறைய.

இப்படிக்கு,
உன் மச்சான்