சுற்றுப்படமும் உதிரிபாகமும் கொடுக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அப்பா 1978ல் வாங்கிய சான்சூயி நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபையர் (பாட்டின் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) சிங்கப்பூர் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டில் இன்றும் பாடுகிறது. கப்பல் பட்டறையில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசில் வாங்கியது. சென்ற ஆண்டு அதன் இடது பக்கம் திடீர் திடீரென ஊமையாக ஆரம்பித்தது. சத்தத்தைக் கூட்டினால் 'பட்' என்று உயிர் வரும், குறைத்தால் மறுபடி போய்விடும். ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், "இவ்வளவு பழசுக்குப் பார்ட்ஸ் கிடையாது, புதுசு வாங்கிக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

மனசு கேட்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஜாலான் புசார் பக்கம் எழுபதைத் தாண்டிய ஒரு சீன அங்கிளிடம் போனேன். அவரும் உடனே மூடியைத் திறக்கவில்லை. இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் செருகினார். இப்போது வலது ஸ்பீக்கர் ஊமையானது. ஆக, ஸ்பீக்கரில் குறையில்லை. ஒயரைப் பழையபடி போட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டு வரும் கேபிளின் இடது, வலது முனைகளை மாற்றிச் செருகினார். அப்போதும் இடது பக்கமே போனது. கேபிளும் நல்லதுதான், பழுது ஆம்ப்ளிஃபையருக்குள்ளேதான். ஸ்குரூ டிரைவரை எடுக்காமலே இவ்வளவும் தெரிந்துவிட்டது! வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். மாற்றுவதற்கு முன் சுவிட்சை மட்டும் அணைத்துவிட வேண்டும்.

அப்புறம், "சுவிட்சைப் போட்டுக் காதைக் கொடு" என்றார். சில வினாடி கழித்து உள்ளே 'டிக்' என்றது. அதுதான் ரிலே. மின்சாரம் நிலைப்பட்ட பிறகே ஸ்பீக்கரை இணைக்கும், கோளாறு வந்தால் துண்டித்துவிடும். நாற்பது வருடத்துக்கு மேல் ஆனதில் அதன் உலோக முனைகள் கறுத்துப்போயிருந்தன. மெல்லிய ஒலிக்கு அந்தக் கறுப்பைத் தாண்டிப் போகச் சக்தியில்லை. சத்தத்தைக் கூட்டினால் தாண்டிவிடும். புது ரிலேயின் விலை பத்து வெள்ளிகூட இல்லை. கையோடு, சூடாகும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த நாலைந்து கெப்பாசிட்டர்களையும் (மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் சிறு உருளைகள்) மாற்றினார். அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கான சூட்டில் வற்றிவிடுமாம். 85 டிகிரிக்கானதைக் கழற்றி, 105 டிகிரி தாங்குவதைப் போட்டார். கடைசியில் ஒரு பழைய குண்டு பல்பைத் தொடராக, அதாவது மின்சாரம் அதன் வழியாகவே ஆம்ப்ளிஃபையருக்குப் போகும்படி இணைத்து, மின்சாரம் கொடுத்தார். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். பல்பு மங்கியது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவருடைய கடை அலமாரியை நான் மறக்க மாட்டேன். எழுபது, எண்பதுகளில் வந்த ஆம்ப்ளிஃபையர், தொலைக்காட்சிகளின் சுற்றுப்படங்கள், அதாவது உள்ளே எது எதோடு இணைகிறது என்று காட்டும் வரைபடங்கள், நகலெடுத்து, ஓரம் மஞ்சளித்து, மாடல் வாரியாக அடுக்கியிருந்தன. கீழ்த் தட்டு மட்டும் காலி. புதிய மாடல்களுக்கு யாரும் சுற்றுப்படம் தருவதில்லை என்றார். அந்தக் காலத்து ரேடியோவின் பின்மூடிக்குள்ளேயே சுற்றுப்படத்தை ஒட்டி விற்றார்கள்.

எங்கள் எல்சிடி தொலைக்காட்சிக்கும் அந்தக் கதிதான். ஒலி வந்தது, படம் வரவில்லை. 'பேனல் போச்சு', அதாவது திரையே போய்விட்டது என்றார்கள். விளக்கையெல்லாம் அணைத்து, திரைக்கு நெருக்கமாக டார்ச் அடித்தேன். மங்கலாகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பேனல் நன்றாகவே இருந்தது; பின்னால் இருக்கும் விளக்குதான் எரியவில்லை. ஆனால் அந்த விளக்குக்கு வேண்டிய, அந்த மாடலுக்குரிய எல்இடி பட்டை எங்கும் கிடைக்காமல் போக, முழுத் தொலைக்காட்சியையும் கழிவாகக் கொடுத்துவிட்டேன். இன்னமும் உறுத்துகிறது.

நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. 2021 ஜூலை முதல், புதுத் தொலைக்காட்சியை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கடை பழையதை இலவசமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அது செத்த பொருளை எடுத்துப் போகத்தான் வழி செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடப்பில் உள்ள விதி வேறு மாதிரி. ஒரு மாடலின் கடைசித் தொலைக்காட்சி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 ஆண்டுகளுக்கு மின்வழங்கிப் பலகை, பெரிய கெப்பாசிட்டர் முதலியவை பழுதுபார்ப்பவருக்குக் கிடைக்க வேண்டும். பழுதுபார்க்கும் விவரங்களையும் தர வேண்டும். அதே நிறுவனங்கள்தானே இங்கும் விற்கின்றன? அங்கே கொடுப்பதை இங்கே கொடுப்பதில் என்ன கஷ்டம்?

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஒயர் மாற்றிப் பார்ப்பது, டார்ச் அடிப்பது சரி; மூடியை நீங்களே திறக்காதீர்கள். பழைய டியூப் தொலைக்காட்சியில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 20,000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஜப்பானிலேயே விற்கப்பட்டு, பிறகு இங்கு வரும் பழைய ஆம்ப்ளிஃபையர்கள் 100 வோல்ட்டுக்கானவை. நம் 230ல் நேரே செருகினால் அத்தோடு முடிந்தது.

வாரியத்துக்கு என் வேண்டுகோள் இதுதான்: மின்கழிவு விதிகளை அடுத்த முறை திருத்தும்போது, இங்கு விற்கும் தொலைக்காட்சி, ஒலிச் சாதனங்களுக்குச் சுற்றுப்படமும் 7 ஆண்டு உதிரிபாகமும் கட்டாயம் என்று ஒரு பிரிவைச் சேருங்கள். அங்கிளுக்குப் பிறகு அந்தக் கடையில் உட்கார இப்போதைக்கு ஆள் இல்லை. யாராவது உட்கார முன்வந்தால், அவருக்குப் பார்க்கச் சுற்றுப்படமாவது இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஈசூன்