ராபி கோட்டையில் கண்ணை இழந்தவருக்கு

தளபதி யான் ஜிஷ்கா ஐயாவுக்கு,

வணக்கம். 1424-இல் கொள்ளைநோயில் நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு ராபி கோட்டைக்கு என்ன ஆயிற்று என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இன்று செக் நாட்டில் இருக்கும் தென்மேற்கு பொஹீமியாவில், ஓட்டவா ஆற்றங்கரைச் சுண்ணாம்புக்கல் குன்றின்மேல் இருந்த அந்தக் கோட்டையை நீங்கள் மறந்திருக்க முடியாது. 1420-இல், சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸைப் பின்பற்றிய உங்கள் ஹுஸ்ஸைட் படை அதைப் பிடித்தது. மறுவருடம் திரும்பவும் முற்றுகை போட வந்தபோது ஓர் அம்பு உங்கள் கண்ணில் பாய்ந்தது. முதல் கண் ஏற்கெனவே போயிருந்தது. மிச்சமிருந்ததும் அன்றோடு போயிற்று. வேறு யாராவது என்றால் வீட்டோடு முடங்கியிருப்பார்கள். நீங்களோ அதே டிசம்பரில் குட்னா ஹோரா நகரில் எதிரிகள் சூழ்ந்து நிற்க, போர் வண்டிகளோடு அவர்கள் நடுவே புகுந்து வெளியேறினீர்கள். பார்வையில்லாமல் அதை எப்படிச் செய்தீர்கள் என்பது எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

சரி, கோட்டைக்கு வருகிறேன். அந்த நூற்றாண்டின் கடைசியில் பூத்தா ஷ்விஹோவ்ஸ்கி என்பவர் அதற்கு உடையவரானார். நாட்டின் தலைமை நீதிபதி, பெரும் பணக்காரர். பீரங்கிக்குப் பழைய மதில்கள் தாங்காது என்று உங்கள் காலத்துப் போர்கள் காட்டியிருந்தன. அவர் தடித்த மதிலும் கொத்தளங்களுமாகக் கோட்டையைச் சுற்றி வளைத்துக் கட்டத் தொடங்கினார். வேலை வாங்கியதில் கருணையே காட்டவில்லை போலும், அவரைப் பிசாசு தூக்கிக்கொண்டு போனதாக ஊரில் கதை இருக்கிறது. உண்மையில் அவர் இறந்தது 1504-இல். கட்டுமானம் அரைகுறையாக நின்றுபோனது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அத்தனை பெரிய மதிலைத் தாண்டி உள்ளே வந்தது கடன். பிள்ளைகளால் சமாளிக்க முடியவில்லை; 1549-இல் கோட்டை கைமாறியது. அதன்பின் ஒருவர் மாற்றி ஒருவர் உடையவர்கள், ஆனால் ஆசையாகப் பார்த்துக்கொண்டவர் யாருமில்லை. 1720-இல் தீப்பிடித்த பிறகு அப்படியே விட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்துப் போய் வீடு கட்டிக்கொண்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுடைய முன்னோர் சுமந்த கல்தானே.

1920-இல் அப்போதைய உடையவர்களான லம்பெர்க் குடும்பம் அதை ஹொராஷ்டியோவிட்சே ஊரின் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சங்கத்துக்கு விற்றது. விலை அந்நாட்டுப் பணத்தில் வெறும் 1 கொருனா. இப்போது அரசு பராமரிக்கிறது. டிக்கெட் எடுத்தால் யாரும் மேலே ஏறலாம், முற்றுகை எல்லாம் தேவையில்லை.

இப்படிக்கு,
உங்களை வியக்கும் ஒருவன்