‘மாற்றமில்லை’ என்று எழுதிய விஞ்ஞானிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பேராசிரியர் ரிச்சர்ட் டேவிட்சன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் அடிபடும் இடங்களிலெல்லாம் தியானம் செய்வோரின் மூளையில் நீங்கள் 2004-இல் காட்டிய காமா அலைகளின் (மூளையின் வேகமான மின் அலைகள்) பதிவுகளே முதலில் பேசப்படுகின்றன. நான் எழுத விரும்புவது, எட்டு வாரத் தியானப் பயிற்சியால் மூளையின் கட்டமைப்பில் மாற்றம் தென்படவில்லை என்று சொன்ன, அவ்வளவாகப் பேசப்படாத உங்கள் 2022-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றி.

ஹார்வர்டில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோதே, 1974-இல், தியானம் பயில இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தீர்கள். ஆனால் அந்த ஆர்வத்தை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு ஆய்வுலகில் நிலைப்பது அன்று கடினம். பல ஆண்டுகள் உணர்ச்சிகளின் மூளை அடிப்படையையே ஆராய்ந்தீர்கள். மூளையின் முன்பகுதியில் இடப்புறமும் வலப்புறமும் வெவ்வேறு உணர்ச்சிப் போக்குகளோடு தொடர்புடையவை என்று காட்டினீர்கள். அச்சத்தையும் மனச்சோர்வையும் ஆராயும் அதே கருவிகளால் கருணையை ஏன் ஆராயக் கூடாது என்று 1992-இல் தலாய் லாமா கேட்ட பிறகுதான் தியானம் உங்கள் பணியின் நடுவிடத்துக்கு வந்தது.

விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் அந்தக் கேள்வி 2004-ஆம் ஆண்டுக் கட்டுரையாக விளைந்தது. 10,000 முதல் 50,000 மணி நேரம் வரை பயிற்சி செய்திருந்த எட்டு பௌத்தர்களின் மூளையில், புதிதாகப் பயின்றவர்களைவிட மிக வலுவான காமா அலைகள் பதிவாயின. வியக்கத்தக்க முடிவுதான். எனினும், அந்த வேறுபாட்டைத் தியானம் உண்டாக்கியதா, அல்லது அத்தகைய மூளை இயல்பாகவே வாய்த்தவர்கள்தாம் இவ்வளவு காலம் தியானத்தில் நிலைத்தார்களா என்பதை எட்டுப் பேரைக் கொண்ட ஓர் ஒப்பீட்டால் பிரித்தறிய இயலாது. செய்தித்தாள்கள் இந்த ஐயத்தை விட்டுவிட்டுக் காமா அலைகளின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டன.

உங்கள் குழு அந்த ஐயத்தை விடவில்லை என்பதே என் மதிப்புக்குக் காரணம். எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் (இக்கணத்தில் கவனம் வைக்கும் தியானம்) பயிற்சியை, எதுவுமே செய்யாமல் காத்திருப்போரோடு ஒப்பிட்டால், ஆசிரியரின் அக்கறை, குழுவாகக் கூடும் மகிழ்ச்சி, பலன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு ஆகிய அனைத்தும் தியானத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே உடற்பயிற்சி, ஊட்டச்சத்து, இசை ஆகியவற்றைக் கொண்டு, தியானம் ஒன்று மட்டும் இல்லாத இணையான பாடத்திட்டத்தை உருவாக்கினீர்கள். 2012-இல் வெளியான முடிவில் மன உளைச்சலும் பதற்றமும் இரு குழுக்களிலுமே குறைந்திருந்தன. தியானத்தின் புகழுக்கு இது உகந்த செய்தி அன்று, ஆயினும் வெளியிட்டீர்கள்.

2022-ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னும் ஒரு படி மேலே சென்றது. எட்டு வாரப் பயிற்சி மூளையின் சாம்பல் பொருளையே (நரம்பணுக்கள் செறிந்த திசுவை) மாற்றிவிடுகிறது என்ற கூற்று, சிறிய ஆய்வுகளைச் சான்றாகக் கொண்டு, அதற்குள் உலகெங்கும் பரவியிருந்தது. இரண்டு ஆய்வுகளின் 218 பங்கேற்பாளர்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த உங்கள் குழு, அத்தகைய கட்டமைப்பு மாற்றம் எதுவும் தென்படவில்லை என்று எழுதியது. தியானத்தால் பயனில்லை என்று அதற்குப் பொருளில்லை. ஆனால் தியான ஆய்வையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவரின் ஆய்வகத்திலிருந்து அந்த வரி வந்ததை நான் சாதாரணமாகக் கருதவில்லை. (மறுத்து எழுதியவர் வெளியாள் என்றால், விவாதம் ஆளைப் பற்றியதாகவே முடிந்திருக்கும்.)

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. விழிப்புணர்வு, பிணைப்பு, தெளிவு, நோக்கம் ஆகிய நான்கும் பயிற்சியால் வளரக்கூடிய திறன்கள் என்று இப்போது சொல்கிறீர்கள். அப்பயிற்சி கைப்பேசிச் செயலியாகவும் வந்துவிட்டது. அதே கைப்பேசியில், அதே அளவு நேரத்தில், தியானமல்லாத வேறொன்றைச் செய்வோரோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவு எதுவாயினும், 2004-ஆம் ஆண்டின் படத்தைக் காட்டும் மேடைகளிலேயே அதையும் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்கும் ஒரு வாசகர்